பழைய மின்னஞ்சல் முகவரியில் ‘!’, ‘@’ இரண்டும் இருந்தால் எதை முதலில் படிப்பது?

தமிழ்மாறன் (கேள்வி):
1980களைச் சேர்ந்த மின்னஞ்சல் தொகுப்பு ஒன்றை இன்றைய மென்பொருளில் தேடக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவருகிறேன். கணினிப் பெயர்களை மாற்றிச் சொல்வதானால், ‘முல்லை!மருதம்!கபிலன்’ (முல்லை வழியாக மருதத்திலுள்ள கபிலனுக்கு) என்ற யூ.யூ.சி.பி. பாணியும் (கணினிகள் மடலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றிய பழைய முறை) ‘கபிலன்@மருதம்’ என்ற, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் பாணியும் எனக்குப் புரிகின்றன. ஆனால் ‘முல்லை!கபிலன்@மருதம்’ என இரண்டும் கலந்த முகவரிகள் ஏராளமாக உள்ளன. இவற்றில் கபிலனின் கணக்கு எந்தக் கணினியில் இருந்தது? ஒரே விதியைக் கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

கயல்விழி:
முகவரியை மட்டும் பார்த்து அதைத் தீர்மானிக்க இயலாது. யூ.யூ.சி.பி. கணினி வியப்புக்குறியை முதலில் பிரித்து, மடலை முல்லைக்கு அனுப்பி, ‘கபிலன்@மருதம்’ என்ற எஞ்சிய பகுதியை அதன் பொறுப்பில் விடும்; அப்படியானால் கபிலன் இருப்பது மருதத்தில். 1982இல் வந்த ஆர்.எஃப்.சி. 822 என்ற மின்னஞ்சல் தர ஆவணத்தைப் பின்பற்றிய கணினியோ ‘@’ குறிக்கு வலப்புறம் உள்ளதையே சேருமிடமாகக் கொண்டு மடலை முதலில் மருதத்துக்கு அனுப்பும்; அங்கிருந்து அது முல்லைக்குப் போகும். அதாவது ஒரே எழுத்துவரிசை இரண்டு வெவ்வேறு கணினிகளைக் குறித்தது. 1986இல் வெளியான ஆர்.எஃப்.சி. 976 ‘@’ குறிக்கே முன்னுரிமை என்று வரையறுத்தது. எனினும் எல்லாக் கணினிகளும் உடனே மாறிவிடவில்லை என்பதால், அந்த ஆண்டை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் அது கடந்துவந்த கணினிகளைக் காட்டும் வரிகள் இருந்தால், அவற்றையே சான்றாகக் கொள்ளுங்கள்.

நிலவன்:
கயல்விழி அவர்கள் கூறியதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். யூ.யூ.சி.பி. வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் தான் தொலைபேசி வழியே தொடர்புகொள்ளும் அண்டைக் கணினிகளை மட்டுமே தெரியும். தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான பெயர்ப்பட்டியலும் இருக்கவில்லை. ஆகவே அங்கே முகவரி என்பதே வழிதான். மடல் ஒவ்வொரு கணினியைக் கடக்கும்போதும் அனுப்புநர் பகுதியின் முன்னால் அக்கணினியின் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். பதில் எழுதுபவர் அதே வழியில் திரும்பிச் செல்லலாம். அதனால் உங்கள் தொகுப்பில் ஒரே மனிதர் பல முகவரிகளில் தோன்றுவார். அவரைப் பலராக எண்ணிவிடாதீர்கள்.

‘கபிலன்%பாலை@நெய்தல்’ போன்றவையும் நிச்சயம் கண்ணில் படும். இரு வலையமைப்புகளை இணைக்கும் நெய்தல் என்ற நுழைவாயில் கணினி தன் பெயரை நீக்கி, வலக்கோடியில் உள்ள சதவீதக்குறியை ‘@’ ஆக்கி, மடலைப் பாலைக்கு அனுப்பும். இம்முறை எந்தத் தரத்தாலும் விதிக்கப்படாதது. ஆயினும் பிட்நெட், சி.எஸ்.நெட் போன்ற வலையமைப்புகளை எட்டுவதற்குப் பரவலாகப் பயன்பட்டது. பின்னாளில் வேண்டா மடல் அனுப்புவோர் இதைப் பிறர் கணினிகள் வழியே மடல்களைத் தள்ளிவிடும் உத்தியாக்கியதால், பெரும்பாலான நிர்வாகிகள் இதை அடைத்துவிட்டார்கள்.

உண்மையான தீர்வு 1986இல் ஆர்.எஃப்.சி. 974 விவரித்த எம்.எக்ஸ். பதிவுகளால் (ஒரு டொமைனுக்கான மடலை எந்தக் கணினி பெறும் என்று சொல்பவை) வந்தது என்பது என் உறுதியான கருத்து. இணையத்தோடு நேரடியாக இணையாத கணினிகூட ஒரு டொமைன் பெயரைப் பெற்று, “எனக்கான மடலை இந்த நுழைவாயிலிடம் கொடுங்கள்” என்று இணையத்தின் பெயர்ப்பதிவு அமைப்பான டி.என்.எஸ். மூலம் அறிவிக்க முடிந்தது. வழியை நினைவில் வைக்கும் சுமை எழுதுபவரின் தோளிலிருந்து இறங்கிய தருணம் அது.

முகிலன்:
பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் மடல்கள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அங்கிருந்த ஜானெட் வலையமைப்பு டொமைன் பெயரைத் தலைகீழாக, நாட்டுக் குறியீட்டை முதலில் வைத்து எழுதியது. அப்படி எழுதும்போது பல கணினியியல் துறைகளின் முகவரி ‘சி.எஸ்.’ என்று முடியும். அதுவே இணையத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் குறியீடாகவும் அமைந்ததால், எந்த முனையிலிருந்து படிப்பது என்ற குழப்பம் உண்மையாகவே எழுந்தது.

தமிழ்மாறன்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் எல்லா முகவரிகளையும் இன்றைய வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பழையவற்றை நீக்கிவிடுவது சரியாகுமா?

கயல்விழி:
தயவுசெய்து நீக்காதீர்கள். மூல முகவரியை ஓர் எழுத்தும் மாறாமல் ஒரு புலத்திலும், நீங்கள் ஊகித்த பயனர், கணினி, அதற்கான சான்று ஆகியவற்றைத் தனிப் புலங்களிலும் வையுங்கள். முகவரியை இடைவழியில் மாற்றி எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. தமிழ் உள்ளிட்ட எழுத்துகளில் பயனர்பெயர் அமைக்க 2008இல் வந்த சோதனைநிலைத் தரம், புதிய வசதி இல்லாத வழங்கியை (சர்வர்) எதிர்கொண்டால் மடலைப் பழைய வடிவத்துக்கு இறக்கிக்கொள்ள அனுமதித்தது. 2012இல் வந்த ஆர்.எஃப்.சி. 6531 அதைக் கைவிட்டது. டொமைன் பகுதியை, ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு மட்டும் கொண்ட பியூனிகோடு வடிவத்துக்கு மாற்றலாம். ஆனால் ‘@’ குறிக்கு முன்னுள்ள பகுதியின் பொருள் அதைப் பெறும் வழங்கிக்கு மட்டுமே தெரியும். எனவே அடுத்த வழங்கிக்கு அவ்வசதி இல்லையெனில், மடலைச் சிதைத்து அனுப்பாமல் அனுப்புநருக்கே திருப்பிவிடுகிறார்கள். உங்கள் தொகுப்பிலும் சான்று கிடைக்காத முகவரிகளுக்குக் கணினிப் புலத்தைக் காலியாகவே விடுங்கள்.