டியூபில இருக்கிற மூவிழை டி.என்.ஏ ஜெல்லில காணேல்ல, உதவி செய்யுங்கோ

வெள்ளவத்தை மாணவி:
கொழும்பில எம்.பில் செய்யிறன். ஒரு ஜீனுக்கு முன்னால இருக்கிற பியூரின் (ஏ, ஜி எழுத்துகள்) துண்டில, இரட்டை இழையோட மூன்றாவது இழையையும் ஒட்டி, கோரலைன் எண்ட, மூவிழைக்குள்ள செருகிற மருந்தைப் போட்டு இறுக்கி, அந்த ஜீனை அடக்கப் பாக்கிறம். இழை 15 எழுத்து, அதில 5 சி, மிச்சமெல்லாம் டி. பிஎச் 6, மக்னீசியம் 10 மில்லிமோலார், இரவு முழுக்க வைக்கிறன். யூ.வி ஒளி உறிஞ்சலைப் பாத்துக்கொண்டு சூடேத்தினா இரண்டு படியா உருகுது, அப்ப மூவிழை இருக்கு. அதே சாம்பிளை ஜெல்லில விட்டா இரட்டை இழை பாண்ட் மட்டும்தான். கோரலைனை 20 மைக்ரோமோலார் வரைக்கும் ஏத்தியும் பாத்திட்டன். மூண்டு கிழமையா இதே நிலைமை. புது ஒலிகோ (செயற்கையாச் செய்த சின்ன இழை) வெளியில இருந்து வர ஒரு மாதமாகும், இருக்கிறதை வீணாக்கப் பயமாயிருக்கு.

லாப் அக்கா:
ஜெல் எந்த பஃபரில ஓட்டுறீங்கள்?

மாணவி:
வழமையான டி.பி.ஈ (டிரிஸ், போரேட், ஈ.டி.டி.ஏ) தான் அக்கா. மத்தியானம் ஓட்டுறன், கண்ணாடித் தட்டில கை வச்சாச் சுடும்.

லாப் அக்கா:
அங்கதான் பிழை, தங்கச்சி. டி.பி.ஈ பிஎச் 8.3 கிட்ட. உங்கட சி ஒவ்வொண்டும் ஒரு புரோட்டானைப் பிடிச்சாத்தான் ஜி-யோட ஹூக்ஸ்டீன் பிணைப்பு (மூன்றாவது இழை இரட்டை இழையில ஒட்டுற பிணைப்பு) போடும், 8.3இல அந்தப் புரோட்டான் நிக்காது. மக்னீசியத்தையும் டி.பி.ஈ-யில இருக்கிற ஈ.டி.டி.ஏ பிடிச்சிடும். மூண்டு இழையின்ட முதுகும் நெகட்டிவ், மக்னீசியம் இல்லாட்டி ஒண்டையொண்டு தள்ளும். 1957இல ஃபெல்சன்ஃபெல்ட், டேவிஸ், ரிச் ஆர்.என்.ஏ-யில மூவிழையைக் கண்டதே மக்னீசியம் போட்ட கரைசலிலதான். சூடு வேற, முதல்ல கழருறது மூன்றாவது இழைதான். ஜெல், டாங்க் இரண்டிலையும் எம்.ஈ.எஸ் பஃபர் பிஎச் 6, மக்னீசியம் 10 போட்டு, குளிர் அறையில குறைஞ்ச வோல்ட்டில ஓட்டுங்கோ. ஈ.டி.டி.ஏ வேண்டவே வேண்டாம்.

பேராதனை அண்ணா:
கோரலைன் பொசிட்டிவ். டி.என்.ஏ கீழ இறங்கேக்க அது மேல போகும், அதால ஜெல்லுக்குள்ளயும் போடோணும். அது விரும்பிச் செருகிறது டி-ஏ-டி (ஏ-டி சோடியோட மூன்றாவது இழையின்ட டி சேர்ந்த) அடுக்குக்குள்ள. புரோட்டான் ஏறின சி-யும் பொசிட்டிவ், கிட்ட அண்ட விடாது. 1992இல ஹெலேன் எண்ட ஆய்வாளரின்ட குழு காட்டின பென்சோபிரிடோஇண்டோல் எண்ட மூவிழை மருந்திலயும் இதே குணம். சி-க்கள் பக்கத்தில பக்கத்தில இருந்தா மருந்தில குறை சொல்லாதேங்கோ. எழுத்து மாத்தின, மூன்றாவது இழை ஒட்டக்கூடாத டார்கெட் ஒண்டையும் பக்கத்துக் கிணத்தில கட்டாயம் ஓட்டுங்கோ.

மாணவி (நாலு நாளுக்குப் பிறகு):
வந்திட்டுது! இரட்டை இழைக்கு மேல மெதுவா வாற ஒரு பாண்ட். கோரலைன் இல்லாமல் மங்கல், போட்டால் தடிப்பு. மாத்தின டார்கெட்டில ஒண்டுமில்லை. இனிக் கலத்துக்குள்ள இருக்கிற பிஎச் 7க்குக் கிட்டப் போகோணும். அக்கா, அடுத்த ஒலிகோவில சி-க்குப் பதில் 5-மெதில்சைட்டோசின் (மெதில் ஒட்டின சி, கூடின பிஎச்-இலயும் மூவிழையை நிக்க வைக்க) கேக்கட்டா?

லாப் அக்கா:
கேளுங்கோ. 6.5இல ஒருக்கா நிண்டு பாத்திட்டு 7க்குப் போங்கோ.