'ஸ்பேஸ் ரிச்சுவல்' எல்பி முழுசா, வெட்டியதா?

ஊசிமுனை: பிரிட்டிஷ் ராக் குழு ஹாக்விண்டின் கச்சேரிப் பதிவான 'ஸ்பேஸ் ரிச்சுவல்' இரட்டை எல்பி இசைத்தட்டை நேற்று நாலு பக்கமும் ஓடவிட்டேன். 'அசல் எல்பிதான் முழுசு, சிடியெல்லாம் ஒட்டுப்போட்டது' என்று பழையதட்டு இங்கே அடித்துவிட்டதைப் படித்த எரிச்சல்தான் காரணம். எது முழுசு? 'பிரெய்ன்ஸ்டார்ம்' பாட்டை வெட்டித்தான் போட்டார்கள். நீளம் அதிகம், அதனால் வெட்டினோம் என்று கவரிலேயே அச்சடித்திருக்கிறார்கள். கவரில் பார்னி பபிள்ஸ் வரைந்த படத்தை மட்டும் பார்த்தீர்களோ?

பழையதட்டு: 1973ல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 9வது இடம் வரை போனது அந்த எல்பிதானே? அன்றைக்குக் கேட்டவன் எவனும் குறை சொல்லவில்லை. பிற்பாடு துண்டைத் தேடி ஒட்டினால் அது அசலாகிவிடுமா?

ஊசிமுனை: அசலா என்று நான் கேட்கவில்லை. முழுசா என்று கேட்டேன். வெட்டினார்களா, இல்லையா?

டெல்டா: சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். இது ஒரே கச்சேரியே இல்லையே. 1972 டிசம்பரில் லிவர்பூல் ஸ்டேடியத்திலும் லண்டன் பிரிக்ஸ்டனிலும் பதிவு செய்ததைக் கோத்த ஆல்பம். அப்புறம் எதை முழுசு என்கிறீர்கள்? அதே வருஷம் 3வது இடம் வரை ஏறிய அவர்களுடைய 'சில்வர் மெஷின்' பாட்டு கூட இதில் கிடையாது.

பழையதட்டு: அது இல்லாததே நல்லது. லெம்மி தொண்டை கிழியப் பாடிய ரேடியோ பாட்டு.

டெல்டா: லெம்மியைத் தொடாதீர்கள். அந்த பேஸ் கிட்டாரை எடுத்துவிட்டால் மிச்சம் டிக்மிக்கின் மின்கருவி போடும் விசில் சத்தம்தான்.

பழையதட்டு: குழுவின் கவிஞர் ராபர்ட் கால்வர்ட் கவிதை சொல்லும் இடங்களில் எழுந்து போய் டீ குடிக்கிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். இதில் வரும் 'சோனிக் அட்டாக்' எழுதியது யார் என்றாவது தெரியுமா?

டெல்டா: நாவலாசிரியர் மைக்கேல் மூர்காக். பரீட்சை முடிந்ததா சார்?

ஊசிமுனை: கால்வர்ட்டும் வேண்டாம், மூர்காக்கும் வேண்டாம். 'பிரெய்ன்ஸ்டார்ம்' மட்டுமில்லை, 'டைம் வி லெஃப்ட்' பாட்டிலும் கத்தரி வைத்தார்கள். டேவ் பிராக்கின் கிட்டார் ஒரே சுருதியில் சுற்றிச் சுற்றி, டெல் டெட்மாரின் சிந்தசைசர் மேலே ஏறி, நமக்குத் தலை கிறுகிறுக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டாமா? பாதியில் வெட்டினால் எங்கே கிறுகிறுக்கும்?

பழையதட்டு: எனக்குக் கிறுகிறுக்கிறது. உங்கள் ப்ளேயரில் ஊசியை மாற்றுங்கள்.

ஊசிமுனை: ஊசியைப் பற்றி நீங்கள் பேசலாமா? புதுசு மாதிரி என்று சொல்லி எனக்கு விற்றீர்களே, மூன்றாம் பக்கத்தில் கீறல்!

பழையதட்டு: வாங்கும்போது வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தானே எடுத்துப்போனீர்கள்?

ஊசிமுனை: பேச்சை மாற்றாதீர்கள். வெட்டினார்களா, இல்லையா?