ஸென் 5: கோர் இவ்வளவு அகலமான பிறகும் கேம்களில் வேகம் ஏன் கூடவில்லை?

கரிசல்காட்டான் (கேள்வி):

வணக்கம். என்னிடம் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ் செயலி (ஸென் 4). அதே ஏஎம்5 மதர்போர்டில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்துவிட்டு அடுத்த தலைமுறை 9700எக்ஸைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதால், அதன் கோர்களின் உள்வடிவமான ஸென் 5 நுண்கட்டமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே படித்துப் பார்த்தேன். ஸென் 4-ஐ அங்கங்கே தட்டிக்கொட்டிச் சரிசெய்த வடிவமாக இது தெரியவில்லை. உள்ளே ஏறத்தாழ எல்லாவற்றையும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். முழு எண் கணக்குகளைச் செய்யும் ஏஎல்யுக்கள் நான்கிலிருந்து ஆறாகிவிட்டன. ஒரு சுழற்சியில் அனுப்பப்படும் நுண்கட்டளைகள் 6-லிருந்து 8 ஆகவும், ரீஆர்டர் பஃபர் (கட்டளைகள் வரிசைப்படி வெளியேறக் காத்திருக்கும் இடம்) 320 இடங்களிலிருந்து 448 ஆகவும், எல்1 டேட்டா கேஷ் (கோருக்கு மிக அருகிலுள்ள சிறிய வேக நினைவகம்) 32 கேபியிலிருந்து 48 கேபியாகவும் வளர்ந்திருக்கின்றன. ஒரே கடிகார வேகத்தில் சராசரியாக 16 சதவீதம் கூடுதல் வேலை நடக்கும் என்று 2024 ஜூனில் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் ஏஎம்டி அறிவித்தது.

ஆனால் ஆகஸ்டில் செயலி விற்பனைக்கு வந்தபின் வெளியான மதிப்பாய்வுகளில், கேம்களைப் பொறுத்தவரை இவ்விரு செயலிகளுக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதத்திலேயே நின்றுவிட்டது. அப்படியானால் கூடுதலாகக் கொடுத்த அகலம் எங்கே போகிறது? இது மென்பொருளின் குறையா, வடிவமைப்பிலேயே உள்ள தடையா? என் பயன்பாட்டில் பாதி கேம்; மீதி நம்பை (பைத்தானின் எண்கணித நூலகம்) கணக்கீடுகளும், அவ்வப்போது ஒரு பெரிய சி++ ப்ராஜெக்டைக் கம்பைல் செய்வதும்.

சில்லுநோக்கி:

அகலம் எங்கும் போய்விடவில்லை நண்பரே. அதற்குத் தீனி போடும் வழிதான் பழைய அளவிலேயே இருக்கிறது. ரைசன் 9000 மேசைக்கணினி வரிசையில் கோர்கள் அமைந்த சில்லு மட்டுமே புதியது. ரேமுடன் பேசும் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் ஐஓ சில்லு, ரைசன் 7000 வரிசையில் இருந்த அதே 6 நானோமீட்டர் சில்லுதான். இரண்டையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் பாதையின் அகலமும் மாறவில்லை. அதிகாரப்பூர்வ ரேம் வேகம் டிடிஆர்5-5200-லிருந்து 5600 ஆனதைத் தவிர அந்தப் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 5.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு ஒரு நானோவினாடியில் ஐந்தரைச் சுழற்சிகள். தேவையான தரவு எந்தக் கேஷிலும் இல்லாமல் ரேம் வரை போக நேர்ந்தால், நன்றாக அமைக்கப்பட்ட டிடிஆர்5 ரேமிலும் ஏறக்குறைய 70 நானோவினாடி ஆகும். அதாவது 385 சுழற்சிகள். கட்டளைகளை முன்பின்னாகச் செய்து முடித்தாலும், அவற்றை வரிசைப்படி மட்டுமே கணக்குத் தீர்த்து வெளியேற்ற முடியும் என்பதால், ரேமுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு கட்டளைக்குப் பின்னால் வருபவை அனைத்தும் ரீஆர்டர் பஃபரில் குவிந்துகொண்டே இருக்கும். சுழற்சிக்கு 8 வீதம் உள்ளே வந்தால் 448 இடங்களும் 56 சுழற்சிகளில் நிரம்பிவிடும். நடைமுறையில் எந்த நிரலும் அவ்வளவு வேகத்தில் ஓடுவதில்லை. சராசரியாக 2 என்று வைத்துக்கொண்டாலும் 224 சுழற்சிகளில் நிரம்பிவிடும். மிச்சமுள்ள 161 சுழற்சிகளில் ஆறு ஏஎல்யுக்களும் சும்மாதான் இருக்க வேண்டும்.

கேம்களில் இது அடிக்கடி நடக்கும். காட்சியில் உள்ள நூற்றுக்கணக்கான பொருள்களின் தரவு நினைவகத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். ஒரு பாயின்டரை (தரவு இருக்கும் முகவரியை) படித்த பிறகுதான் அடுத்தது எங்கே இருக்கிறது என்பதே தெரியும். கிளைக் கணிப்பு (நிரல் அடுத்து எந்த வழியில் போகும் என்று கோர் முன்கூட்டியே ஊகிப்பது) எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வந்து சேராத முகவரியை வைத்துக்கொண்டு அது எதுவும் செய்ய முடியாது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-இல் இருப்பதும் இதே ஸென் 5 கோர்தான். கோர்களுக்கு அடியில் 64 எம்பி கேஷை வைத்து, எல்லாக் கோர்களும் பகிரும் எல்3 கேஷின் அளவை 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக்கினார்கள். கேம்களில் அது 9700எக்ஸை விட்டு வெகுதூரம் முன்னே போய்விட்டது.

வாட்கணக்கன்:

மேலே சொன்னது சரி. அத்துடன், 16 என்பது சராசரி என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஏஎம்டி அந்த அறிவிப்பில் காட்டிய படத்தில் ஃபார் க்ரை 6 கேமுக்கு 10 சதவீதம்தான் காட்டியிருந்தார்கள், பிளெண்டருக்கு 23, கீக்பெஞ்சின் ஏஇஎஸ் குறியாக்கச் சோதனைக்கு 35. அந்த 35-ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால் சராசரி என்னவாகும் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மின்சாரக் கணக்கும் மாறியிருக்கிறது. 7700எக்ஸின் டிடிபி (வெப்ப வடிவமைப்பு அளவு) 105 வாட். சாக்கெட்டில் அது 142 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம். 9700எக்ஸுக்கு அவை முறையே 65, 88 வாட். எட்டுக் கோர்களும் முழுமூச்சாக ஓடும் ரெண்டரிங் போன்ற வேலைகளில் இந்த உச்சவரம்பு நன்றாகவே கடிக்கும். பின்னர் வந்த பயாஸ் பதிப்புகளில் 105 வாட் முறையைத் தேர்ந்தெடுக்க வழிசெய்திருக்கிறார்கள். கேம்கள் பொதுவாக 88 வாட்டைத் தொடுவதே இல்லை என்பதால், அங்கே இதனால் ஏதும் பெரிதாக மாறிவிடாது.

விண்டோஸ் 11-இல் கிளைக் கணிப்பு தொடர்பாக வந்த திருத்தத்தைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். அது ஸென் 4-க்கும் பலன் தந்தது. ஆகவே தங்கள் பழைய செயலியும் சேர்ந்தே வேகம் பெற்றுவிட்டது.

கட்டளைக்கூட்டம்:

பழியை முழுக்க நினைவகத்தின் மேல் போட்டுவிடுவதை நான் ஏற்கவில்லை. இந்தக் கோரின் முன்பகுதியிலேயே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஸென் 5-இல் டிகோடர்கள் (கட்டளைகளை நுண்கட்டளைகளாக மாற்றுபவை) நான்கு நான்காக இரண்டு கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. காகிதத்தில் கூட்டினால் எட்டு. ஆனால் ஒரு கோரில் இரண்டு திரெட்டுகள் (தனித்தனிக் கட்டளை ஓட்டங்கள்) ஓடும்போது ஆளுக்கொன்றாகத்தான் அவை பயன்படுகின்றன. தனியாக ஓடும் ஒரு திரெட் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வதில்லை என்பதைச் சுதந்திரமான அளவீடுகள் காட்டின. திரும்பத் திரும்ப ஓடும் சிறிய லூப்புகளுக்கு இது பொருட்டல்ல. அவை ஏற்கெனவே டிகோட் செய்யப்பட்டு ஆப் கேஷில் காத்திருக்கும். நிரல் பருமனாகி ஆப் கேஷைத் தாண்டும்போதுதான், எட்டு அகலமுள்ள கோர் நான்கு அகல வாயிலின் வழியே சாப்பிட வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்டவரின் சி++ வேலைக்கு இது உண்மையில் நல்ல செய்தி. கம்பைலர் என்பது மிகப் பருமனான, கிளைகள் நிறைந்த நிரல். 16 திரெட்டுகளும் ஒரே நேரத்தில் ஓடுவதால் ஒவ்வொரு கோரிலும் இரண்டு டிகோடர் கூட்டங்களுக்கும் வேலை கிடைக்கும். கிளைகளின் இலக்குகளை நினைவில் வைத்துக்கொள்ளும் முதல்நிலை அட்டவணையும் 1,500 அளவிலிருந்து 16,000 அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஒற்றைத் திரெட்டை நம்பியிருக்கும் கேமுக்கு இந்த இரண்டாவது கூட்டத்தால் பயனில்லை.

கரிசல்காட்டான்:

மூவருக்கும் நன்றி. நம்பையின் நிலை மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஏவிஎக்ஸ்-512 (ஒரே கட்டளையில் 512 பிட் தரவைக் கையாளும் வசதி) இப்போது முழு அகலத்தில் ஓடுகிறது என்கிறார்களே, அதனால் என் கணக்கீடுகள் இரு மடங்கு வேகமாகுமா?

சில்லுநோக்கி:

அது தாங்கள் எந்தக் கணக்கைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸென் 4-இல் ஒரு 512 பிட் கட்டளை, 256 பிட் அகலமுள்ள பாதையில் இரண்டு தவணையாக ஓடியது. மேசைக்கணினி ஸென் 5-இல் பாதையே 512 பிட். ஒரு சுழற்சியில் எல்1 கேஷிலிருந்து இரண்டு 64 பைட் துண்டுகளைப் படிக்கலாம். 5.5 கிகாஹெர்ட்ஸில் அது ஒரு கோருக்கு வினாடிக்கு 704 ஜிபி. மறுபக்கம், எட்டுக் கோர்களுக்கும் சேர்த்து ரேமிலிருந்து வரும் பாதை சுழற்சிக்கு 32 பைட். ஃபேப்ரிக் 2 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் வினாடிக்கு 64 ஜிபிதான்.

ஆகவே பெரிய அணிகளின் பெருக்கலில் நல்ல முன்னேற்றம் தெரியும். நம்பைக்குப் பின்னால் அணிக் கணக்குகளைச் செய்யும் பிளாஸ் நூலகங்கள் அணியைத் துண்டு துண்டாகக் கேஷுக்குள் கொண்டுவந்து, அதே தரவைப் பலமுறை பயன்படுத்திக்கொள்கின்றன. அங்கேயும் 88 வாட் வரம்பால் இரு மடங்கு என்பது கைகூடாது. ஆனால் கேஷில் அடங்காத இரண்டு வரிசைகளைக் கூட்டி மூன்றாவதில் எழுதும் சாதாரண வரியில் எதுவும் மாறாது. சர்வர்களுக்கான எபிக் 9005 வரிசையில் இதே நுண்கட்டமைப்புக்கு உயர்திறன் கணிப்பில் 37 சதவீதம் வரை முன்னேற்றம் சொன்னார்கள். அங்கே ரேமுக்குப் போகும் 12 மெமரி சேனல்கள் இருக்கின்றன, தங்களிடம் இருப்பதோ இரண்டு.

என் கருத்தில், கேமுக்காக மாறுவதென்றால் எக்ஸ்3டி வகையைப் பாருங்கள், 9700எக்ஸ் வேண்டாம். கணக்கீட்டுக்காக என்றால் வாங்குவதற்கு முன் பயாஸில் ரேம் வேகத்தை 6000-லிருந்து 4800-க்குக் குறைத்துவிட்டு, தங்கள் நிரலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடும் நேரம் கணிசமாகக் கூடினால், தங்கள் நிரல் ரேமுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். 9700எக்ஸுக்கு மாறினாலும் அதே ரேமுக்காகத்தான் காத்திருக்கும். நேரம் அசையவே இல்லையென்றால், தங்கள் பிளாஸ் நூலகத்தின் பதிப்பு ஏவிஎக்ஸ்-512-ஐப் பயன்படுத்துகிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.