புதுப்பிப்பு: வித்த ஆம்ப் திரும்ப கைக்கு வந்துடுச்சு (மும்பை)

வித்துட்டு ஏங்கிட்டு இருந்த 15 வாட் வால்வ் கிட்டார் ஆம்பை (கண்ணாடி வால்வுல ஓடுற ஆம்ப்ளிஃபையர்), வாங்கினவர்கிட்டயே திரும்பக் கேக்கலாமான்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கிடைச்சிடுச்சு!

"இப்ப விலை பேசாதீங்க, விக்கிறதா இருந்தா முதல்ல எனக்குச் சொல்லுங்கன்னு மட்டும் மெசேஜ் போட்டு வைங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரே, அதுதான் வொர்க் ஆச்சு. செம்பூர்ல வீடு மாத்தும்போது வாங்கினவரே கூப்பிட்டார், நான் வித்த விலையை விட கொஞ்சம் கூடத்தான், பரவால்ல.

எதிர்பார்க்காதது என்னன்னா, ஆம்ப் சூடானதும் வாசிக்கிற ஒவ்வொரு நோட்டுக்குப் பின்னாடியும் ஒரு கிணுகிணு சத்தம். ஸ்பீக்கர் போச்சுன்னு லேமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டுக்குக் கிளம்பப் பாத்தேன், அப்பதான் இங்க இன்னொருத்தர் சொன்ன பென்சில் வித்தை ஞாபகம் வந்துது: ஆம்ப் ஆன்ல இருக்கும்போதே பென்சிலோட ரப்பர் முனையால ஒவ்வொரு வால்வையும் லேசா தட்டணும், எதைத் தட்டினா ஸ்பீக்கர்ல டிங்குன்னு பலமா கேக்குதோ அதுதான் மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வை மைக் மாதிரி பிடிச்சு சத்தமாக்குற வால்வ். இன்புட் பக்கத்து சின்ன வால்வ் 12ஏஎக்ஸ்7 தான் மாட்டுச்சு, ஆஃப் பண்ணி ஆறவிட்டு புதுசு சொருகினேன், சத்தம் போயே போச்சு. இந்த வால்வுக்கு பயாஸ் (வால்வ்ல ஓடுற கரண்ட் அளவு) செட் பண்ற வேலை இல்ல, ஆனா பவர் வால்வ் இஎல்84 மாத்தினா ஜோடியா மாத்துங்க. தெரியாம சேஸிஸை (உள்ள சர்க்யூட் இருக்கிற மெட்டல் பெட்டி) மட்டும் திறந்துடாதீங்க, ப்ளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், ஷாக் அடிக்கும்.