1942 யப்பான் குண்டுவீச்சு: திருமலையில் (திருகோணமலை) உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்?

பாலையூற்றுப் பேரன்:
அப்பப்பா 1942 ஏப்ரல் 9 அன்று டாக்யாட்டில் (கடற்படைக் கப்பல் தளத்தில்) வேலையில் இருந்தாராம். அதற்கு மேல் வீட்டில் ஒருவருக்கும் விவரம் தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது அந்த நாளைப் பற்றிச் சொன்னதுண்டா? ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியது என்கிறார்களே, உண்மையா?

மடத்தடி அக்கா:
கப்பல் கதை எனக்குத் தெரியாது தம்பி, அம்மம்மா கதைதான் தெரியும். அவருக்கு அப்போது 19 வயது, இடுப்பில் என் பெரியம்மா. சித்திரை வருசத்துக்கு இன்னும் சில நாள்தான். யப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு அந்தப் பக்கத்து அரிசி நின்றுவிட்டது. பலகாரத்துக்கென்று பிடித்து வைத்திருந்த அரிசியை அன்று விடிய உரலில் போட்டிருக்கிறார். ஏழு மணி தாண்டிச் சைரன். வழக்கமான பயிற்சிதானே என்று இடியை நிறுத்தவில்லை. அப்புறம் விமானத்தளம் இருந்த சீனக்குடாப் பக்கம் நிலம் அதிர்ந்தது, உலக்கை படாமலே உரலுக்குள் மா குலுங்கியதாம். இந்த இடம் வந்தால் கையைக் குவித்து ஆட்டிக் காட்டாமல் விடமாட்டார்.

அம்மப்பா டாக்யாட்டில் பிட்டர். அவர் வரட்டும் என்று அம்மம்மா காத்திருக்கவில்லை. மாவைச் சீலைத் துண்டில் முடிந்துகொண்டு, நிலாவெளிப் பக்கம் போன மாட்டுவண்டியில் ஏறிவிட்டார். வண்டிக்காரன் கூலியாகப் பாதி மாவைக் கேட்டு வாங்கினான். (அவனைத் திட்டாமல் இந்தக் கதை ஒரு நாளும் முடிந்ததில்லை.) எண்ணெய்க் குதம் எரிந்த புகை நிலாவெளியிலிருந்தே தெரிந்ததாம்.

1990இல் நாங்கள் ஊரைவிட்டு ஓடும்போதும் அவர் முதலில் தூக்கியது கோதுமை மாப் பையைத்தான். அம்மா நகையைத் தேடிக்கொண்டு நிற்க, "சாப்பாட்டை முதல் கட்டு, அதைப் பிறகு பார்ப்பம்" என்று ஒரு சத்தம் போட்டார்.

கடல்முகத்தான்:
ஹெர்மிஸ் துறைமுகத்துக்குள் மூழ்கவில்லை. யப்பான் கடற்படை நெருங்குகிறது என்று தெரிந்ததும் 8ஆம் திகதி இரவே கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் திரும்பி வரும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால், ஹெர்மிஸும் கூட வந்த வாம்பயர் என்ற போர்க்கப்பலும் யப்பான் விமானங்களிடம் அகப்பட்டு மூழ்கின. ஹெர்மிஸில் மட்டும் 307 பேர் போனார்கள். தப்பியவர்களில் பெரும்பாலானோரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றியது. துறைமுகத்துக்குள் எரிந்தது சாகயிங் என்ற சரக்குக் கப்பல். 2018இல் கடற்படை மேலே தூக்கியதும் அதைத்தான். ஊரில் இரண்டு கதையும் கலந்துவிட்டது போல.

அக்கா சொன்ன புகை 91ஆம் குதத்தினுடையதாக இருக்கும். யப்பான் விமானம் ஒன்று அதன்மேல் விழுந்து ஏழு நாள் எரிந்தது என்பார்கள். உருகிச் சரிந்த இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது.

பாலையூற்றுப் பேரன்:
இருவருக்கும் நன்றி. அக்கா, அம்மப்பா எப்போது வந்து சேர்ந்தார்? டாக்யாட்டில் என்ன நடந்தது என்று சொன்னாரா?

மடத்தடி அக்கா:
இரண்டொரு நாள் கழித்து நிலாவெளிக்கு நடந்தே வந்தார். ஒரு காது மந்தம், கடைசி வரைக்கும் அப்படித்தான். பிறகு வேலைக்கும் திரும்பிப் போனார். கூப்பன் அரிசியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த ஏலுமா? நாங்கள் துருவித் துருவிக் கேட்டால், "தண்ணிக் குழாய் இழுத்தம்" என்பார். அதற்கு மேல் கேட்டால் அன்றைய மீன் விலைக்குத் தாவிவிடுவார்.