அத்தை வாயில் தெளிவாக வருவது 'சனியனே' மட்டும்தான்

அம்மாபேட்டை மருமகள்:
அத்தைக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. முப்பது வருடம் தறிக்குத் தார் சுற்றிய கை, இப்போது தலையணை மேல் கிடக்கிறது, நான்தான் நகர்த்தி வைக்க வேண்டும். தண்ணீர் கேட்க 'த... த...' என்று திணறுகிறவருக்கு 'சனியனே' மட்டும் கணீரென்று வருகிறது, அதுவும் நான் துணி மாற்றும்போதுதான். நேற்று நானும் பதிலுக்குக் கத்திவிட்டு, குளியலறையில் போய் அழுதேன். பெங்களூர் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து 'அம்மா ஏன் இளைச்சுட்டாங்க' என்கிறார். நான் இளைத்தது யார் கண்ணிலும் படவில்லை. சில ராத்திரி, அன்றைக்கே போய்ச் சேர்ந்திருந்தால் என்று மனசில் ஓடுகிறது. நானெல்லாம் என்ன மனுஷி?

குகைக்காரன்:
அது உங்களைத் திட்டுவது இல்லை அக்கா. மூளையில் இடது பக்கம் அடிபட்டால் யோசித்துப் பேசுகிற பேச்சுதான் பெரும்பாலும் போகிறது, வாயில் ஊறிப்போன வசவு, எண்ணிக்கை, பாட்டெல்லாம் பல பேருக்குத் தானாக வரும். எங்கப்பா இருபது வரை கடகடவென்று எண்ணுவார், என் பேர் வராது. கோட்டை மாரியம்மன் பண்டிகையில் பாடுகிற பாட்டு எதையாவது எடுத்துக்கொடுத்துப் பாருங்கள்.

மலைவாசி:
என் வீட்டுக்காரருக்கு 2022இல் வந்தது. பிசியோதெரபிக்காக ஏற்காட்டிலிருந்து இறங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் அவர் தலை என் தோளில் வந்து மோதும், பாதி வழியில் வாந்தி. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார்கள் என்று தெரியாமலே ஒரு வருடம் அலைந்தேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று நானும் நினைத்திருக்கிறேன்மா, வாந்தியைத் துடைத்துக்கொண்டே. சொல்லி அழ ஆள் இல்லாவிட்டால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரியிலும் பேசலாம், காசு கிடையாது. அப்புறம் அந்த நாத்தனாருக்குத் தேதி குறித்துக் கொடுத்து, பத்து நாள் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை மருமகள்:
பாட்டு வரவில்லை. எண்ணிக்கை வந்தது, பதினொன்று வரை போய் அப்புறம் 'சனியனே'. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நாத்தனார், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்கிறார்.