டிஃபிப்ரிலேட்டர்: ‘உதறல்நிறுத்தி’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

இதயம் தாறுமாறாக உதறும்போது ஷாக் கொடுத்து நிறுத்தும் கருவியான டிஃபிப்ரிலேட்டருக்குத் தமிழில் ‘இதய மின்பெட்டி’ என்றே பெயர் வைத்துவிடலாம் என்று முந்தைய மடலில் ஐயா எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு 2023இல் இதை இடது காறையெலும்புக்குக் கீழே பதித்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், தமிழில் விளக்கும் வேலை எனக்கு வந்தது. ‘இதயத்துக்குக் கரண்டு கொடுக்கிற பெட்டி’ என்றேன். தோலுக்கடியில் புடைத்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே, ‘லோட்ஷெடிங்ல கரண்டு போனா இதுவும் நின்னுடுமா?’ என்று கேட்டார். உள்ளேயே பல வருஷம் ஓடும் பேட்டரி இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னேன். அன்று இரவு விளக்கு அணைந்ததும் அவர் கை அந்த இடத்துக்குத்தான் போனது.

கருவி செய்யும் வேலையைப் பெயர் சொல்ல வேண்டும். இதயத்தின் கீழறையில் உதறல் வரும்போது தசைநார்கள் தன்பாட்டுக்குத் துடிக்கின்றன, ஒன்றுசேர்ந்து சுருங்காததால் ரத்தம் வெளியே போவதில்லை, உடனே கவனிக்காவிட்டால் சில நிமிஷத்தில் உயிரே போய்விடும். ஷாக் அந்த உதறலை ஒரேயடியாக நிறுத்துகிறது, அப்புறம் இதயம் தன் துடிப்பைத் தானே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ‘உதறல்நிறுத்தி’ என்கிறேன். காய்ச்சலில் உதறல் எடுக்கிறது என்று சொல்கிற எவருக்கும் இது புரியும்.

‘துடிப்புக்கோளாறு தடுப்பி’ என்ற பெயரும் இதற்குச் சரிவராது. கோளாறு வந்தபிறகுதான் கருவி வேலை செய்கிறது. வராமல் குறைக்கப் பார்ப்பவை அமியோடரோன் போன்ற மாத்திரைகளும், கோளாறைக் கிளப்பும் இதயத் திசுவை அழிக்கும் அப்லேஷன் சிகிச்சையும். அப்லேஷனுக்கு ‘சுட்டழிப்பு’ என்றார்கள், ஆனால் உறையவைத்தும் செய்வதுண்டு, ஆகவே ‘திசுவழிப்பு’ போதும்.

ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. கீழறை உதறாமல், ஒழுங்காகவே ஆனால் மிக வேகமாகத் துடித்தால், இன்றைய கருவிகள் பெரும்பாலும் எடுத்தவுடன் ஷாக் கொடுப்பதில்லை, அதைவிடச் சற்று வேகமாகச் சின்னச் சின்னத் தூண்டல் கொடுத்து அடக்கப் பார்க்கும். அந்த வேலை ‘உதறல்நிறுத்தி’யில் வரவில்லையே என்று கேட்பீர்கள். வரவில்லைதான். 1980இல் பால்டிமோரில் முதன்முதலாக ஒருவருக்குப் பதித்த கருவி ஷாக் மட்டுமே கொடுத்தது, பழைய பெயர்தான் இன்றும் ஓடுகிறது.

உடலுக்குள் வைப்பதை ‘பதி உதறல்நிறுத்தி’ என்றும், ஷாப்பிங் மால் சுவரில் மாட்டியிருப்பதை வெறும் ‘உதறல்நிறுத்தி’ என்றும் எழுதலாமா? அடுத்த வாரம் பெரியம்மாவைச் செக்கப்புக்கு அழைத்துப் போகிறேன், அவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.